காலி இருக்கையும் பெட்ரோல் செலவின் பங்கும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்குச் சொந்தக் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். மூன்று இருக்கை காலியாகவே போகிறது. ரஷ்யா, உக்ரைன் போன்ற முன்னாள் கம்யூனிச நாடுகளில் முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு செலவைப் பங்கிடும் வழக்கம் பெருகியது எப்படி? நானும் செய்யலாமா?

பதில்: அங்கே அது புதுப் பழக்கம் அல்ல. சோவியத் காலத்தில் டாக்சி குறைவு. கார் வாங்கப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாலையோரம் கை காட்டினால் யாராவது சொந்தக் கார்க்காரர் நிறுத்தி, பேசிய பணத்துக்கு ஏற்றிக்கொள்வார். ஓட்டுகிறவர் யார், ஏறுகிறவர் யார் என்ற உறுதி மட்டும் இல்லை. 2014-இல் அங்கே நுழைந்த பிரான்ஸ் நாட்டுப் பயணப் பகிர்வுச் செயலியான பிளாபிளாகார், தொலைபேசி எண் சரிபார்ப்பையும் இருதரப்பு மதிப்பெண்ணையும் கொடுத்து அந்தக் குறையைத் தீர்த்தது. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில், மைனஸ் 45 டிகிரிக் குளிரில் டாக்சிக்காரர்கள் கட்டணத்தை ஏற்றியபோது, மக்கள் சமூக வலைத்தளத்தில் குழு அமைத்துத் தாங்களே கட்டணம் சொல்லிக் கார் தேடினார்கள். கட்டணத்தைப் பயணியே சொல்லிக் கார் கூப்பிடும் இன்டிரைவ் செயலி நிறுவனம் அதிலிருந்து பிறந்ததுதான்.

இனி உங்கள் கார். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் மீறல். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். தனியார் கார் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. விபத்து நடந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரும். எனவே நீங்கள் வாங்குவது செலவின் பங்காகவே இருக்க வேண்டும்.

ஒரு வழிக்கு 40 கி.மீ., லிட்டருக்கு 16 கி.மீ. என்று வைத்தால் இரண்டரை லிட்டர். பெட்ரோல் 105 ரூபாய் என்றால் சுமார் 262 ரூபாய். இதை நான்கால் வகுத்துத் தலைக்கு 65 வாங்குங்கள். பலரும் தங்களை விட்டுவிட்டு மூன்றால் வகுக்கிறார்கள். தகராறு தொடங்குவது அங்கேதான். ஓட்டுகிறவர் ஒன்றும் கொடுக்காவிட்டால், கேட்பவர் அதை வாடகை என்றுதான் சொல்வார்.

வழியில் கண்டவரை ஏற்றாதீர்கள். டாக்சி ஸ்டாண்டுக்காரர்கள் புகார் கொடுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. கோவையில் வேலை பார்க்கும் அதே மூவரை வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் இடம் ஒன்று, காத்திருப்பு ஐந்து நிமிடம். பணத்தை மாதக் கணக்கில் வாங்குங்கள். வராத நாளைக் கழித்தால் அந்தப் பாரம் மற்றவர் தலையில் விழும். இப்படிப்பட்ட குழுக்கள் பெரும்பாலும் இதில்தான் உடைகின்றன. தொடங்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மகன் படிக்க புடாபெஸ்ட் போகிறான். அங்கே ஊபர் கிடையாது என்கிறார்களே? (வாசகி, நகரி)

பதில்: 2016-இல் ஹங்கேரி சட்டம் கொண்டுவந்ததும் ஊபர் வெளியேறியது உண்மை. 2024-இல் உள்ளூர் டாக்சி நிறுவனத்தோடு சேர்ந்து திரும்பி வந்துவிட்டது. எஸ்தோனியாவில் 2013-இல் தொடங்கிய போல்ட் செயலியும் அங்கே ஓடுகிறது. எதில் கூப்பிட்டாலும் உரிமம் பெற்ற மஞ்சள் டாக்சிதான் வரும். விமான நிலைய வாசலில் தானே வந்து அழைக்கிறவர்களோடு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்டி குறைவென்றால் 100இ பேருந்து நேராக நகர மையத்துக்குப் போகிறது. அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், சாதாரண நகர டிக்கெட் செல்லாது.