பிள்ளைகள் மிச்சம் விட்ட சோறு

கேள்வி: முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். வயது 42, எடை 82 கிலோ. இரத்தத்தில் சீனி நோய் எல்லையில் நிற்கிறது, உடம்பைக் குறையுங்கள் என்று போன மாதம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த மச்சாள் கலியாண வீட்டில் எல்லோருக்கும் முன்னால், "என்ன இப்படிக் கொழுத்துப்போனாய்?" என்று கேட்டாள். திங்கட்கிழமை தொடங்குகிறேன், வியாழனோடு விட்டுவிடுகிறேன். இரவில் பிள்ளைகள் மிச்சம் விட்ட சோற்றை எறிய மனம் வருகுதில்லை, நானே சாப்பிட்டுவிடுவேன். 2009இல், போரின் கடைசி மாதங்களில், மூத்தவளைக் கையில் வைத்துக்கொண்டு கஞ்சிக்கு நின்றது ஞாபகம் வரும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வருசா வருசம் நடந்தே போகிறவள் நான்; இந்த முறை பாதி வழியில் ஆட்டோ பிடித்தேன். எனக்கு ஏன் மனவுறுதி இல்லை?

பதில்: அன்புத் தங்கச்சி, கைக்குழந்தையோடு அந்த மாதங்களைக் கடந்து வந்த ஒருத்திக்கு மனவுறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நீங்களே சொன்னாலும்.

நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். அரிசியைவிடத் தண்ணீர் கூடிய, உப்பு மட்டும் போட்ட கஞ்சி. அதைக் குடித்த உடம்பு சோற்றுக் கோப்பையைப் பார்க்கும் பார்வையே வேறு. இது வன்னிச் சனத்துக்கு மட்டும் உள்ளதல்ல. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார்கள். பகலும் இரவும் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைவுதான். பட்டினி முடிந்து வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும், வயிறு நிறைந்தும் நிறையாதது போலச் சாப்பிட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கே அப்படி. அதனால் மிச்சச் சோற்றைப் பார்த்து உங்கள் கை நீளுவதைக் குற்றமாக எடுக்காதீர்கள்.

ஆனால் அந்தச் சோறு உங்கள் வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பிள்ளைகளுக்கு முதலில் குறைவாகப் போடுங்கள், பிறகு கேட்டால் போடலாம். சட்டியில் மிஞ்சுவதற்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழஞ்சோறு. கோப்பையில் மிஞ்சுவது கோழிக்கு. ஒரு பருக்கையும் வீணாகவில்லை என்று தெரிந்தால் நித்திரை வரும். திங்கட்கிழமைச் சத்தியங்களை விட இந்த ஒழுங்கு உங்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

மச்சாளின் பேச்சை மறந்துவிடுங்கள். வெட்கத்தில் தொடங்குவது மூன்று நாளைக்கு மேல் நிற்காது. வெட்கம் வந்தால் நாங்கள் ஒளிந்துதான் சாப்பிடுவோம். உங்களுக்கு வேண்டிய காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வற்றாப்பளை அம்மனிடம் நடந்து போகிறவள் பாதி வழியில் ஆட்டோ பிடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த வைகாசிக்கு முழு வழியும் நடக்க வேண்டும். 20 கிலோ குறைப்பதை இப்போது நினைக்கவே வேண்டாம். எடையில் 5 முதல் 7 வீதம் இறங்கினாலே, எல்லையில் நிற்கும் சீனி நோயாக மாறும் வாய்ப்பு நன்றாகக் குறையும். உங்களுக்கு அது 4 முதல் 6 கிலோ.

நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி, கிழமையில் ஐந்து நாள் அரை மணி நேரம் வரை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். தனியே நடந்தால் சனம் கதைக்கும் என்றால் மகளைக் கூட்டிப் போங்கள். குளக்கட்டு நல்ல இடம், ஆனால் யானை வருகிற பக்கம் என்றால் இருட்ட முன் திரும்பிவிடுங்கள். ஒரு காலத்தில் வன்னிப் பெண்கள் எங்கேயும் சைக்கிளில்தான் போனோம். இப்போது பக்கத்துக் கடைக்கும் ஸ்கூட்டி. அந்தப் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்துப் பாருங்கள்.

சாப்பாட்டில் ஊர்ச் சாப்பாட்டை விட வேண்டாம். தவிட்டோடு உள்ள சிவப்பரிசி, பயறு, கௌபி, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், குளத்து மீன் எல்லாம் நல்லவை. பிழை அளவில்தான். எங்கள் கோப்பையில் சோறு மலை, கறி ஓரம். கோப்பையின் பாதியை மரக்கறிக்கும் இலைக்கும் விடுங்கள், கால் பங்கு மீனோ பருப்போ, மிச்சக் கால் பங்கு சோறு. குரக்கன் புட்டும் அளவோடுதான். குரக்கன் என்பதற்காக இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட முடியாது.

தேத்தண்ணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் குறைந்தது 40 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கிழமை ஒன்றரைக் கரண்டி, அடுத்த கிழமை ஒன்று. நாக்கு பழகிவிடும். பனங்கட்டியும் இனிப்புத்தான், அதை மருந்து என்று நினைத்துக் கடிக்காதீர்கள்.

உடம்பைக் கரைக்கும் என்று போனில் விற்கிற தூள்களை வாங்க வேண்டாம். அரச ஆஸ்பத்திரியில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது. இன்றைய அளவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், மீண்டும் எப்போது வருவது என்றும் கேட்டு வாருங்கள். அதற்கிடையில், பொங்கல் இல்லாத ஒரு நாள் பார்த்து, மகளோடு வற்றாப்பளை வரை ஒரு தரம் நடந்து பாருங்கள். களைத்தால் திரும்பி வர ஆட்டோ இருக்கிறது.