முருங்கை இலைப் பொடி பழுப்பாகிறது, டிரையர் வாங்கலாமா?

கேள்வி: அரவக்குறிச்சிப் பக்கம் 80 சென்ட்டில் பி.கே.எம்-1 முருங்கை, வரப்போரம் துளசி. ரசாயனம் எதுவும் போடுவதில்லை. நான், கணவர், மாமியார் மூன்று பேர்தான் ஆட்கள். காலையில் கிளையை வெட்டிச் சாக்கில் கட்டி வைத்து, மத்தியானம் உருவி, மாடியில் தார்ப்பாயில் காயவைத்துப் பொடிக்கிறோம். இந்த முறை பொடி பழுப்பாகி வைக்கோல் வாடை அடிக்கிறது என்று வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நகையை அடகு வைத்தாவது இலை காயவைக்கும் டிரையர் இயந்திரம் வாங்கிவிடலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும்மா. டிரையர் வந்தாலும் இந்தப் பொடி பழுப்பாகத்தான் வரும், ஏனென்றால் மாடிக்குப் போகும் முன்னாலேயே சாக்குக்குள் பாதி இலை கெட்டுவிடுகிறது. வெட்டிய இலையும் மூச்சு விடும், குவித்துக் கட்டினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே புழுங்கிவிடும். நானும் முதல்முறை இதே கூத்தைச் செய்தவன்தான். வேப்பமர நிழல்தானே என்று சாக்கைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்து கையை விட்டால் இட்லிப் பானைக்குள் விட்ட மாதிரி இருந்தது.

அதனால் மூன்று பேரும் உட்கார்ந்து அன்றைக்கே உருவி முடிக்கிற அளவுக்கு மேல் வெட்டவே வேண்டாம். பனி காய்ந்ததும் வெட்டி, உடனே அலசி, தண்ணீர் வடியவிட்டு, உருவி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விரித்துவிடுங்கள். மாடி வேண்டாம், வெயில் பச்சையைத் தின்றுவிடும். கறிவேப்பிலையை வெயிலில் போட்டால் என்ன நிறமாகிறது என்று மாமியாரைக் கேட்டால் சொல்வார். தார்ப்பாயும் அடியில் வேர்க்கும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதன் மேல் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, காற்றோடும் திண்ணையிலோ கொட்டகையிலோ போட்டு, இலை மேல் இலை ஏறாமல் மெல்லிசாகப் பரப்பி, தினம் இரண்டு தடவை கிளறிவிடுங்கள். துளசிக்கும் இதேதான், அதன் வாசனையே வெயிலில் பறந்துவிடும். மழை மூட்டமா, அன்றைக்குக் கத்தியையே தொடாதீர்கள்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிடி இலையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி அரைமணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்பக்கம் நீர் முத்து கட்டினால் இன்னும் ஒரு நாள் காய வேண்டும். உருவிய இலை 10 கிலோ காய்ந்தால் 2.5 கிலோவுக்குள் வரவேண்டும், 3 கிலோ நிற்கிறதென்றால் ஈரம் மிச்சமிருக்கிறது. மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள், பொடி நன்றாக ஆறியபின் கட்டுங்கள், வெளிச்சம் புகாத பையாக இருக்கட்டும்.

பழுப்புப் பொடியைப் புதுப்பொடியில் கலந்து தள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், உரக்குழிக்குப் போகட்டும்.

அப்புறம், வருஷ விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்து, விளைவித்ததைச் சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்கிறவரை இயற்கை விளைபொருள் என்று சொல்லச் சான்றிதழ் கட்டாயமில்லை, ஆனால் பொட்டலத்தில் சான்று பெற்ற இயற்கை உணவுக்கான அரசு முத்திரையான ஜைவிக் பாரத்தைப் போடக்கூடாது. கடைக்குக் கொடுக்க ஆரம்பித்தால் சான்று வேண்டும்.

இரண்டு வெட்டு இப்படிச் செய்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டு நின்று ஆர்டர் தேங்கினால், டிரையர் கணக்கை அப்போது போடுவோம்.