யீஷூன் வீட்டில் மதுரைக் கோடை: எது எடுபடும், எது எடுபடாது?

கேள்வி: சிங்கப்பூர் யீஷூனில் பத்தாவது மாடியில் நான்கறை வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு. எங்கள் படுக்கையறை மேற்குப் பார்த்தது. இரவு பதினொரு மணிக்குக்கூடச் சுவரைத் தொட்டால் சுடுகிறது. மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார், ஏர் கூலர் ஒன்று வாங்கினால் ஏர்கான் செலவு மிச்சமாகும் என்கிறார். இத்தனை வெயில் வீணாகிறதே, வற்றல் வடகம் போடலாம் என்றும் ஆசைப்படுகிறார். பிள்ளைகள் இருவருக்கும் ஜூன் விடுமுறை. பொழுதெல்லாம் கைப்பேசிதான். தாழ்வாரத்தில் ஏதாவது செடி வளர்க்கலாமா? விடுமுறையின் கடைசிப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். அதுவரை இந்த வெயில் காலத்தை எப்படி உருப்படியாகக் கழிப்பது?

பதில்: ஏர் கூலரை வாங்காதீர்கள். நீங்கள் கடைக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் மாமியார் சொல்வது மதுரைக்கு மிகச் சரியான யோசனை. அங்கே சித்திரை, வைகாசி மதியத்தில் காற்று காய்ந்து கிடக்கும். தண்ணீர் சட்டென்று ஆவியாகும், ஆகும்போது காற்றின் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பது, சாயங்காலம் வாசலை நனைப்பது, ஏர் கூலர், எல்லாமே இந்த ஒரே கணக்கில்தான் குளிர்ச்சி தருகின்றன. சிங்கப்பூரிலோ காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலுக்கு முன் 90ஐத் தாண்டும். மழையில்லாத நாளில், அதுவும் பிற்பகலில்தான், 60 அளவுக்கு இறங்கும். இந்தக் காற்றில் மேலும் ஈரத்தைச் சேர்த்தால் புழுக்கம்தான் கூடும். அடைத்த அறையில் இரவு முழுதும் ஏர் கூலர் ஓடினால் மெத்தை, துணிமணி எல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். படுக்கையறைக்குள் துணி காயப்போடுவதையும் இதே காரணத்துக்காக நிறுத்திவிடுங்கள்.

தண்ணீரைத் தரையில் விடுவதைவிட உடம்பில் தடவுவது இங்கே பலன் தரும். ஈரத்துணியால் கழுத்தையும் கைகளையும் துடைத்துவிட்டு மின்விசிறிக்கு முன் உட்காரச் சொல்லுங்கள். வீசும் காற்று தோலின் ஈரத்தை ஓயாமல் எடுத்துக்கொண்டே இருப்பதால் குளிர்ச்சி உடனே தெரியும்.

அடுத்தது உங்கள் மேற்குச் சுவர். ஊரில் பகலெல்லாம் சன்னலை அடைத்துவைத்து இரவில் திறப்பார்கள். இரவு நன்றாகக் குளிரும் இடத்தில் அது வேலை செய்யும். சிங்கப்பூரில் பகல் உச்சம் பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி, இரவு 23, 25க்குக் கீழே இறங்குவது அரிது. இடைவெளி அவ்வளவுதான். அதனால் வீட்டையே அடைத்துவைத்து இரவுக்காகக் காத்திருப்பதில் லாபமில்லை. வெயில் விழும் பக்கத்தை மட்டும் அடையுங்கள், மற்றப் பக்கங்களில் காற்றை ஓடவிடுங்கள்.

எந்தப் பக்கம் வெயில் விழும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கிழக்கு, மேற்கு மட்டும்தான் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 வாக்கில் உச்சிக்கு ஏறக்குறைய 22 டிகிரி வடக்கே. அந்த நாள்களில் உதயம் முதல் மறைவு வரை சூரியன் வானத்தின் வடபாதியிலேயே நடக்கும். ஆக, ஜூனில் வடக்குப் பார்த்த சன்னலில் நாள் முழுதும் சாய்வாக வெயில் படும், தெற்குப் பார்த்த சன்னலில் நேர்வெயிலே படாது. டிசம்பரில் இது தலைகீழாகும். ஜூன் மாதத்தில் காற்றும் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குப் பக்கத்திலிருந்துதான் வீசும். தெற்குப் பக்கம் சன்னலோ கதவோ இருந்தால் பகல் முழுதும் திறந்தே இருக்கட்டும்.

மேற்கு அறைக்கு, இரண்டு மணிக்கே திரையை இழுத்துவிடுங்கள். மூன்று மணி ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கண்ணாடியைத் தாண்டிவந்த வெயில் உள்ளே சூடாகிவிட்டால் பிறகு வெளியேறாது. வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள தடித்த திரை நல்லது, சன்னலை ஒட்டியே தொங்க வேண்டும். கான்கிரீட் சுவர் மாலையில் வாங்கிய சூட்டைப் பல மணி நேரம் வைத்திருந்து இரவில்தான் விடுகிறது. உங்கள் கையில் பதினொரு மணிக்குச் சுட்டது அதுதான். ஆகவே ஏழேகால் வாக்கில் சூரியன் இறங்கியதும் திரையையும் சன்னலையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். நின்று சுழலும் மின்விசிறியை சன்னலுக்குப் பக்கத்தில், வெளியே பார்த்து வீசும்படி வையுங்கள். அறையின் சூடான காற்று வெளியே தள்ளப்படும், கூடத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் போடுங்கள். படுக்கும்போது ஏர்கானை 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டால் போதும். மாமியாருக்கு ஏர்கான் ஒத்துக்கொள்ளாது என்றால் அவரை மேற்கு அறையில் படுக்கவைக்காதீர்கள்.

வற்றல் போடும் ஆசையைத் தடுக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்த முதியவருக்கு இந்த நான்கு சுவருக்குள் தன் கைவேலையாக ஒன்று இருப்பது பெரிய விஷயம். ஆனால் கூழ் வடகம் வேண்டாம். கிள்ளிவைக்கும் வடகம் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்து, நம் காற்றில் இரண்டாம் நாளே பூசணம் பிடிக்கும். உப்பு ஏறும் பண்டங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: மோர் மிளகாய், சுண்டைக்காய், மெல்லியதாக அரிந்த பாகற்காய். உப்பு ஈரத்தை வெளியே இழுத்துவிடும், கெடுவதையும் தடுக்கும். ஒரு தட்டுக்கு மேல் ஒரு நேரத்தில் போட வேண்டாம். வெயில் படும் சன்னலுக்கு உள்பக்கம் மேசை போட்டு, தட்டை அதில் வைத்து, மெல்லிய துணியால் மூடி, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். இரவில் ஏர்கான் ஓடும் அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஏர்கான் காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பதால் வற்றல் அங்கே தூங்கும் நேரத்திலும் காயும். முக்கால்வாசி காய்ந்தபின் குறைந்த சூட்டில் ஓவனில் வைத்து முடிக்கலாம், பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தட்டைச் சன்னல் விளிம்பிலோ தாழ்வாரக் கைப்பிடிச் சுவரிலோ வைக்கக் கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் எவர்சில்வர் தட்டு கீழே நடந்துபோகிறவரின் உயிரை எடுத்துவிடும்.

பிள்ளைகளை வெளியே அனுப்ப நேரம் பார்க்க வேண்டும். 1982லிருந்து நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்று முந்தி ஓடுகிறது. இங்கே உச்சி வெயில் பன்னிரண்டுக்கு அல்ல, ஒரு மணிக்குப் பிறகு. புற ஊதாக் கதிர் கடுமையாக இருப்பது பதினொன்று முதல் மூன்று வரை. காலை பத்துக்கு முன்பும் மாலை ஐந்தரைக்குப் பிறகும் அவர்களுக்குரியது. மதுரையில் 40 டிகிரி பார்த்தவருக்கு இங்குள்ள 33 பெரிதாகத் தெரியாது. ஆனால் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாததால் உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலை குறைவு, மிதம், அதிகம் என்று இடவாரியாக வரும். ‘அதிகம்’ என்றால் விளையாட்டைத் தள்ளிவையுங்கள், பாட்டியையும் வெயிலில் சந்தைக்கு அழைத்துப் போகாதீர்கள். ஜூனில் விடியலிலிருந்து நண்பகலுக்குள் ‘சுமத்ரா’ காற்றுமழை திடீரென்று அடிக்கும், எனவே காலையில் கிளம்பும் முன் மழை வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

எங்கே போவது என்றால், என் முதல் தேர்வு தாவரவியல் பூங்கா. அதிகாலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டின் பின்பக்கம் இருக்கும் தெம்புசு மரம் அங்கேதான் நிற்கிறது. தெம்புசு வழக்கமாக மே, ஜூனில் பூக்கும், பொழுது சாயும்போதுதான் மணம் நன்றாக எழும். நோட்டைக் கையில் கொடுத்து அந்த மரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கைப்பேசி தானாகப் பைக்குள் போய்விடும். மாலையில் மரினா அணைக்கட்டின் புல்தரைக் கூரையில் பட்டம் விடலாம். ஜூனில் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் பருவமும் தொடங்கிவிடும். மாமியாருக்கு டுரியானை முதன்முதலில் வீட்டுக்குள் உடைத்துக் காட்ட வேண்டாம், கடையில் உட்கார்ந்தே சாப்பிடுங்கள்.

தாழ்வாரத்தில் தாராளமாக வளர்க்கலாம். தீயணைப்புக்காக 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும், தொட்டிகள் தரையில்தான் இருக்க வேண்டும். உங்கள் தாழ்வாரம் வடக்குப் பார்த்ததா, தெற்குப் பார்த்ததா என்று எழுதவில்லை. வடக்கு என்றால் இப்போது விதைக்க அருமையான நேரம். முளைக்கீரையும் அரைக்கீரையும் நான்கு வாரத்தில் கைக்கு வரும், மிளகாயும் கறிவேப்பிலையும் செழிக்கும். தெற்கு என்றால் வெயில் தேடும் செடியை இப்போது வைத்து ஏமாற வேண்டாம். வெற்றிலைக்கொடி, பாண்டான், புதினா, கற்பூரவள்ளி வையுங்கள். நிழலும் ஈரக்காற்றும் வெற்றிலைக்கு மிகவும் பிடிக்கும், மாமியாருக்கும் அதில் ஒரு சொந்தம் இருக்கும்.

ஊருக்குக் கிளம்பும்போது செடிக்கு உதவுமே என்று தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நிறைத்துவைத்துவிட்டுப் போகாதீர்கள். டெங்கி பரவும் பருவம் இது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும், நீங்கள் பத்து நாள் இருக்கமாட்டீர்கள். அதன் முட்டை காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். வாளிகளையும் கவிழ்த்துவிடுங்கள், இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள். செடிகளுக்கு இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் ஊற்றும்படி அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அதற்குள் கீரை தயாரானால் அவர்களே அறுத்துக்கொள்ளட்டும்.