பப் கார் பார்க்கில் இரவுத் தங்கல்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் கிராமப்புற பப்களில் மோட்டார்ஹோமை (படுக்கை, சமையல் வசதியோடு கூடிய வண்டியை) நிறுத்தி ஓர் இரவு தங்கிச் செல்லும் வழக்கம் பற்றியும், அதற்கு ஊர்க்காரர்கள் தெரிவிக்கும் ஆட்சேபம் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நிலப் பயன்பாட்டு அனுமதிக்கான, அதாவது திட்டமிடல் அனுமதிக்கான, விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். விடுமுறைகளில் நானும் மோட்டார்ஹோமில் பயணம் செய்பவன். ஆகவே இரு தரப்பாரையும் அறிவேன். வண்டி வாங்குவது, பேட்டரி, சோலார் பலகை ஆகியவை பற்றிய கேள்விகளுக்கு இங்கே இடமில்லை.

கேள்வி (லெஸ்டர்): பப் நடத்துபவர் தாராளமாகத் தங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் போதுமா, ஐயா? கவுன்சிலின் அனுமதியும் வேண்டுமா?

பதில்: உங்களுக்கு அவருடைய சம்மதம் போதும், அவருக்குத்தான் அது போதாமல் போகலாம். 1960ஆம் ஆண்டின் காரவன் தளச் சட்டம், மனிதர் தங்குவதற்காகக் காரவன் நிறுத்தப்படும் நிலம் எதுவானாலும் அதைக் காரவன் தளம் என்றே கொள்கிறது. தங்குவதற்கேற்ப வடிவமைத்த மோட்டார் வாகனமும் அச்சட்டத்தின்படி காரவன்தான். அப்படிப்பட்ட தளத்துக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நடந்தால் குற்றம் நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் மீது, அதாவது பப் நடத்துபவர் மீது விழும். நீங்கள் மறுநாள் காலையில் கிளம்பிப் போய்விடுவீர்கள்.

அதே சட்டத்தின் முதல் அட்டவணை சில விலக்குகளைத் தருகிறது. பயணத்தில் இருக்கும் ஒருவர் தம் வண்டியை இரண்டு இரவுகளுக்கு மிகாமல் நிறுத்தலாம். அப்போது அந்த நிலத்தில் தங்குவதற்கென வேறு வண்டி நிற்கக் கூடாது. அதற்கு முந்தைய 12 மாதங்களில் அவ்வாறு வண்டி நின்ற நாட்கள் 28ஐத் தாண்டியிருக்கக் கூடாது. கட்டடம் இல்லாத நிலம் 5 ஏக்கருக்குக் குறையாமல் இருந்தால் ஒரே சமயத்தில் மூன்று வண்டிகள் வரை நிற்கலாம். அங்கும் 28 நாள் வரம்பு உண்டு. இந்த விலக்குகளுக்குள் அடங்கினால் தனியாகத் திட்டமிடல் அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு வழி, காரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், கேம்பிங் அண்ட் காரவனிங் கிளப் போன்ற விலக்குப் பெற்ற அமைப்பு ஒன்றிடம் சான்றிதழ் வாங்குவது. அப்போது அந்த அமைப்பின் உறுப்பினர்களுக்கு மட்டும், ஒரே சமயத்தில் 5 வண்டிகள் வரை இடம் தரலாம்.

பப்புக்குச் சாப்பிட வந்தவர் வண்டியிலேயே உறங்கிப் போவது பப் தொழிலை ஒட்டிய துணைச் செயல்தானே என்று வாதிடுவோர் உண்டு. எப்போதாவது வரும் ஒரு வண்டிக்கு அந்த வாதம் நியாயமாகத் தோன்றுகிறது. எண்ணிக்கை ஏற ஏற அது வலுவிழக்கும். அளவையும் தன்மையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் திட்டமிடல் துறையின் நிலை. ஒரு வண்டி வந்தால் அது விருந்தோம்பல், வாராவாரம் ஆறு வண்டிகள் வந்தால் அது காரவன் தளம் என்பது என் கருத்து. ஊர் ஆட்சேபங்களில் பெரும்பாலானவை இந்த எல்லை தாண்டப்பட்ட பிறகு எழுந்தவை.

கேள்வி (க்ராய்டன்): முன்கூட்டியே சொல்ல வேண்டுமா, நேரில் போய்க் கேட்டால் போதாதா? எவ்வளவு செலவழிப்பது மரியாதை?

பதில்: தொலைபேசியில் முன்னதாகக் கேளுங்கள். சனிக்கிழமை மாலையில், உணவருந்த வருவோரின் கார்களுக்கே இடம் போதாத நேரத்தில் போய் நிற்காதீர்கள். இரவு உணவை அங்கேயே சாப்பிடுங்கள். ஒரு கோப்பை எலுமிச்சைப் பானத்தோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது அவருக்கு உதவாது. அவர் காட்டிய இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். கழிப்பறைக் கேசட்டை (வண்டிக் கழிப்பறையின் கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டியை) அங்கே காலி செய்யாதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி (ரெடிங்): பப்பில் இரண்டு பைன்ட் குடித்துவிட்டு என் வண்டியில் உறங்கினால் அது குற்றமா? வண்டியை ஓட்டப் போவதே இல்லையே.

பதில்: இந்தக் கேள்வியைப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள், நீங்கள் கேட்டது நல்லது. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அளவுக்கு மேல் மது அருந்திய நிலையில் வண்டியை ஓட்டுவதை மட்டுமல்லாமல், சாலையிலோ பொது இடத்திலோ வண்டியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. பப் திறந்திருக்கும் நேரத்தில் அதன் கார் பார்க் பெரும்பாலும் பொது இடமாகவே கருதப்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 35 மைக்ரோகிராம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 22. வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்த குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையும் 2,500 பவுண்டு வரை அபராதமும் விதிக்கலாம்.

அதே பிரிவு ஒரு தற்காப்பையும் தருகிறது. மது வரம்புக்கு மேல் இருக்கும் வரை நீங்கள் ஓட்டுவதற்கான வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால் குற்றம் நிற்காது. ஆனால் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2004இல் இதை உறுதி செய்தது. படுக்கை விரித்திருப்பது, சக்கரத்துக்கு அடியில் சமன்படுத்தும் கட்டைகள் இருப்பது, முன்கண்ணாடித் திரை போட்டிருப்பது, சாவி இருக்கைக்கு அருகில் இல்லாமல் உள்ளே எடுத்து வைத்திருப்பது, மறுநாள் காலை வரை தங்க அனுமதி பெற்றிருப்பது ஆகிய யாவும் உங்கள் பக்கம் பேசும்.

இங்கேதான் அனுமதியின் முழு மதிப்பும் தெரியும். அனுமதி கேட்காமல் ஒரு மூலையில் நிறுத்தியிருக்கிறீர்கள். இரவு பதினொன்றரைக்கு எதிர்வீட்டுக்காரர் புகார் சொல்ல, பப்காரர் உங்கள் கதவைத் தட்டி வண்டியை எடுக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குடித்திருக்கிறீர்கள். எடுத்தால் குற்றம், எடுக்காவிட்டால் தகராறு. அந்த நிலையில் எக்காரணம் கொண்டும் வண்டியைக் கிளப்பாதீர்கள், நூறடி தூரம்கூட.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): பப்காரர் பணம் எதுவும் வாங்குவதில்லை. அப்படியானால் காரவன் தளச் சட்டம் பொருந்தாது அல்லவா?

பதில்: பொருந்தும். சட்டம் பார்ப்பது வண்டியில் மனிதர் தங்குகிறாரா என்பதை. கட்டணம் வாங்கினாரா என்பதை அல்ல.

கேள்வி (சாமர்செட்டின் ஒரு கிராமம்): என் வீடு பப்புக்கு நேர் எதிரே இருக்கிறது. முதலில் எப்போதாவது ஒரு வண்டி வரும். இப்போது வார இறுதிகளில் ஆறு, ஏழு நிற்கின்றன. காலையில் ஜெனரேட்டர் சத்தம், படுக்கையறைக்கு நேராக அவர்களுடைய ஜன்னல்கள். பாரிஷ் கவுன்சிலில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பப் நடத்துபவரிடமே பேசுங்கள், இதற்குச் சட்டம் ஏதும் இருப்பதே தெரியாமல் நடத்துகிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். பேசியும் பயனில்லையென்றால், எந்தத் தேதியில் எத்தனை வண்டிகள் இரவு முழுவதும் நின்றன என்று எழுதி வைத்து, சாமர்செட் கவுன்சிலின் திட்டமிடல் அமலாக்கப் பிரிவுக்கு அனுப்புங்கள். தேசியப் பூங்காவுக்குள் இருந்தால் அப்பூங்காவின் ஆணையத்துக்கு எழுத வேண்டும். கிராம அளவிலான பாரிஷ் கவுன்சில் கருத்துச் சொல்லலாமே தவிர முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஜெனரேட்டர் இரைச்சல் தனிப் பிரச்சினை. அதைச் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு கவனிக்கும்.

எதை எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். இரைச்சல், படுக்கையறையின் தனிமை, கழிவுநீர், குறுகிய சாலையில் பெரிய வண்டிகள் திரும்புவது, பப்புக்கு வரும் கார்கள் இடமின்றிச் சாலையோரத்தில் நிற்பது ஆகியவை எடைபோடப்படும். வீட்டின் விலை குறையும் என்பதும், ஜன்னலில் தெரிந்த மலை மறைகிறது என்பதும் எடுபடாது. நிலப் பயன்பாட்டு மாற்றம் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் நடந்துவிட்டால் அமலாக்க நடவடிக்கைக்கே வழியிருக்காது என்பதால் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்காதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு பப்பின் பின்புறத்தைப் பார்வையிடப் போயிருந்தேன். சரிவான சரளைக்கல் கார் பார்க். மேல் வரிசையில் நான்கு வண்டிகள். அவற்றில் ஒன்றின் அடியில் பாத்திரம் கழுவிய நீருக்கான குழாய் திறந்தே கிடந்தது. சோப்பு நுரையோடு அந்தத் தண்ணீர் சரளைக்குள் இறங்கி, புதர்வேலிக்குக் கீழே புகுந்து, பக்கத்து வீட்டின் பின்வாசற்படியில் தேங்கியிருந்தது. அங்கிருந்த வடிகால் சல்லடையில் பாஸ்தாத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அந்த வீட்டு அம்மையாரின் ஆட்சேபக் கடிதம் அந்தத் தண்ணீரில்தான் தொடங்கியது. போக்குவரத்தும் இரைச்சலும் அதற்குப் பிறகே வந்தன. குழாயைத் திறந்து விட்டவர் எப்போதோ போய்விட்டார். பதில் சொல்ல வேண்டியிருந்தது பப்காரருக்கு.

மறுப்பு (ஷ்ரோப்ஷயர்): நானும் என் கணவரும் ஒரு கிராமத்து பப்பைக் குத்தகைக்கு நடத்துகிறோம். வாரநாட்களில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர்கூட வருவதில்லை. வண்டியில் வருகிறவர்கள்தான் செவ்வாய்க்கிழமை இரவிலும் இரண்டு தட்டு உணவு வாங்குகிறார்கள். புகார் எழுதச் சொல்லிக் கொடுக்கிறீர்களே, பப் மூடிப் போனால் அதே எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் வருந்துவார்.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, அம்மா. கிராமத்து பப் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நீங்கள் சொல்வது செவ்வாய்க்கிழமைக்கு வரும் ஓரிரு வண்டிகளை. சாமர்செட் வாசகர் சொல்வது வார இறுதியில் வரிசையாக நிற்கும் ஏழு வண்டிகளை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் குத்தகைதாரர் என்பதால், கட்டடத்துக்கு உரிமையுள்ள நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். கார் பார்க்கை வேறு பயனுக்கு விடக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் இருந்தால், கவுன்சிலுக்கு முன்பே அவர்கள் உங்களிடம் கேள்வி கேட்பார்கள்.

மறுப்பு (டெவன்): நான் முகாம் தளம் ஒன்றில் வேலை செய்கிறேன். நாங்கள் உரிமம், தண்ணீர், கழிப்பறை, வண்டிகளுக்கிடையே 6 மீட்டர் இடைவெளி என்று எல்லாவற்றுக்கும் செலவழிக்கிறோம். பக்கத்து பப் இவற்றில் ஒன்றையும் செய்யாமல் எங்கள் வாடிக்கையாளர்களைக் கொண்டுபோகிறது. இதை விருந்தோம்பல் என்கிறீர்களே.

பதில்: ஏழு வண்டிகள் நின்றால் நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த 6 மீட்டர் இடைவெளி, ஒரு வண்டியில் பற்றிய தீ அடுத்த வண்டிக்குத் தாவாமல் இருப்பதற்காக வைக்கப்பட்டது. எரிவாயு உருளையோடு நிற்கும் வண்டிகளை பப்காரர்கள் கார்களைப் போல் நெருக்கி நிறுத்தச் சொல்வது எனக்குக் கவலை தருகிறது. இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால், இருட்டிய பிறகு வந்து காலையில் கிளம்பும் ஒற்றை வண்டிக்காரர் எல்லோரும் உங்களிடம் கட்டணம் கட்டியிருப்பார்கள் என்று கணக்கிடுவது சரியல்ல.

மறுப்பு (பர்மிங்காம்): கிராமத்துக்காரர்களுக்கு வெளியாட்களே பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

பதில்: அப்படி எழுதப்பட்ட கடிதங்களும் உண்டு, ‘இந்த மாதிரி ஆட்கள்’ என்று தொடங்குபவற்றை அதிகாரிகள் ஒதுக்கிவைப்பார்கள், ஒதுக்கவும் வேண்டும். ஆனால் வாசற்படியில் சோப்புத் தண்ணீர் தேங்கியவரின் குறையை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

கேள்வி (ஸ்லவ்): பப்பிலேயே கழிப்பறை இருக்கும்போது கேசட்டை அங்கே காலி செய்தால் என்ன?

பதில்: கிராமப்புற பப்கள் பலவற்றுக்குப் பொதுச் சாக்கடை இணைப்புக் கிடையாது. செப்டிக் டேங்கோ சிறு சுத்திகரிப்பு அமைப்போதான் இருக்கும். அங்கே கழிவைச் சிதைப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். கேசட்டில் ஊற்றும் நீல நிறத் திரவங்கள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு போன்ற கிருமிக்கொல்லி இருக்கும். அடர்த்தியான அந்தக் கலவையைக் கேசட் கேசட்டாகக் கொட்டினால் பாக்டீரியாக்கள் அழிந்து, சுத்தமாகாத கழிவு ஓடைக்கோ நிலத்தடிக்கோ போகும். நாற்றம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஃபார்மால்டிஹைடு இல்லாத பச்சை நிறத் திரவம் தீங்கு குறைந்தது. ஆனாலும் கேட்காமல் கொட்ட அது உரிமம் அல்ல.

கேள்வி (வாட்ஃபோர்ட்): பச்சைத் திரவம் என்றால் கொட்டலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மேலே உள்ள பதிலின் கடைசி வரியைப் படியுங்கள்.

கேள்வி (கென்ட்): 60 நாள் முகாம் அனுமதி என்று ஒன்று வந்திருக்கிறதாமே?

பதில்: 2023 ஜூலையில் வந்தது, இங்கிலாந்துக்கு மட்டும். விண்ணப்பம் இல்லாமலே ஆண்டுக்கு 60 நாட்கள் வரை, 50 இடங்களுக்கு மிகாமல், கூடாரங்களுக்கும் மோட்டார்ஹோம்களுக்கும் தற்காலிக முகாம் நடத்தலாம். இழுத்துவரும் காரவன்கள் இதில் சேரா. கழிப்பறைக்கும் குப்பை அகற்றலுக்கும் ஏற்பாடு வேண்டும்; ஒவ்வோர் ஆண்டும் கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம் நிற்கும் இடத்துக்கு இது பொருந்தாது. பழைய கிராமத்து பப்கள் நிறைய அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பப்காரர்கள் இதைக் கவனிக்காமல் விளம்பரம் செய்துவிடுகிறார்கள்.

கேள்வி (ஹாரோ): ஸ்காட்லாந்தில் எங்கும் நிறுத்தித் தங்கலாம் என்கிறார்களே?

பதில்: தவறு. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் அணுகல் உரிமை, அதாவது பிறர் நிலத்தில் நடமாடும் உரிமை, மோட்டார் வாகனத்துக்கு இல்லை.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): பிரான்ஸில் இவ்வளவு சிக்கல் இல்லையே, இங்கே மட்டும் ஏன்?

பதில்: அங்கே ஊராட்சிகளே மோட்டார்ஹோம்களுக்கென இடம் ஒதுக்கி, தண்ணீரும் கேசட் காலி செய்யும் தொட்டியும் வைத்திருக்கின்றன. பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் தங்க வைக்கும் ஃப்ரான்ஸ் பாஸியோன் திட்டம் 1993 முதல் நடக்கிறது. இங்கே கேன்டர்பரியின் பார்க் அண்ட் ரைடு நிலையத்தில் (காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் போகும் இடத்தில்) மோட்டார்ஹோம்களுக்கு இடம் கொடுத்திருப்பது போன்ற முயற்சிகள் குறைவு. அதனால் சுமை முழுவதும் பப்களின் மேல் விழுகிறது. கவுன்சில்கள் ஊருக்கு ஓரிடம் ஒதுக்கினாலே இன்று எனக்கு வந்த கடிதங்களில் பாதி வந்திருக்காது என்று நம்புகிறேன்.

கேள்வி (லூட்டன்): பப்காரர் வாய்மொழியாகச் சம்மதித்தால் போதுமா?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி (ஷ்ரோப்ஷயர், மீண்டும்): நிறுவனத்திடம் கேட்டுவிட்டேன், மறுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. அடுத்து எங்கே தொடங்குவது?

பதில்: முதல் பதிலில் சொன்ன இரண்டு கிளப்களில் ஒன்றுக்கு எழுதி, உங்கள் நிலம் சான்றளிக்கத் தகுதியானதா என்று வந்து பார்க்கச் சொல்லுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் இடம் தர விரும்பினால் கவுன்சிலில் திட்டமிடல் அனுமதி கேட்க வேண்டும். அப்போது இரண்டு அல்லது மூன்று வண்டிகள் என்று எண்ணிக்கையை நீங்களே வரையறுத்துக் கேளுங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், வண்டிகள் எங்கே நிற்கும், அவற்றின் ஜன்னல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், ஜெனரேட்டருக்கு அனுமதி இல்லை என்பதைக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள். கார் பார்க் சரிவாக இருந்தால் கீழ்வரிசையைக் கொடுங்கள்; கேசட் பற்றிய அறிவிப்பை மதுக்கூடத்தில் ஒட்டாமல், வண்டி நிற்கும் இடத்திலேயே ஒட்டுங்கள்.