கும்ப ராசிக்கு ஏழரைச் சனி: சம்பந்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம் அக்கா

வணக்கம் அக்கா. மகனுக்குக் கும்ப ராசி, ஏழரைச் சனி நடக்கிறது, வந்த சம்பந்தத்தைத் தள்ளிப்போடவா என்று கேட்டிருந்தீர்கள். தள்ளிப்போடாதீர்கள்.

மகரமும் கும்பமும் சனியின் சொந்த வீடுகள். வீட்டுக்காரன் தன் வீட்டையே குலைப்பானா? அவருடைய கதையைக் கேட்டால் பயம் பாதி குறையும். சூரியனின் வெப்பம் தாங்காத மனைவி சஞ்ஞை, தன் நிழலான சாயாதேவியைத் தனக்குப் பதிலாக நிறுத்திவிட்டுப் போனாள். அந்த நிழலின் பிள்ளைதான் சனி. எனக்கு அவர்மேல் பயத்தைவிட இரக்கம்தான் வரும். சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். பன்னிரண்டு ராசியையும் சுற்ற அவருக்கு ஏறக்குறைய 29½ வருடம், ஒரு ராசிக்கு இரண்டரை. சந்திரன் நின்ற ராசி, அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, ஆக ஏழரை.

அப்புறம், சாதகக் குறிப்பை எந்தப் பஞ்சாங்கப்படி பார்த்தார்கள்? எங்கள் ஊரில் பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் வாக்கியமும் உண்டு, இன்றைய வானியல் கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதமும் உண்டு. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இலேயே சனி மீனத்துக்குப் போய்விட்டார். வாக்கியத்தில் பல மாதம் பிந்தித்தான். மீனத்தில் இருப்பது கும்பத்துக்கு ஏழரையின் கடைசிக் கூறு. பெண்ணின் குறிப்பையும் மகனின் குறிப்பையும் ஒரே பஞ்சாங்கத்தில் வைத்துப் பொருத்தம் பாருங்கள், இது முக்கியம்.

மனம் ஆறாவிட்டால் புரட்டாதிச் சனிக்கிழமை சிவன் கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கேற்றி, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். பரிகாரம் என்று பெரிய தொகை கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். சரி, மகனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா? அதை நீங்கள் எழுதவே இல்லையே.