மூளைக்குப் போன எஃப்ஐபி: பூனையைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: எங்கள் பெர்சியன் பூனைக்குப் பத்து மாதம். மூன்று வாரமாகக் காய்ச்சல், ஆன்டிபயாடிக் போட்டும் இறங்கவில்லை. இப்போது பின்னங்கால் தள்ளாடுகிறது, ஒரு கண் கலங்கி நிறம் மாறிவிட்டது. "எஃப்ஐபி, கொரோனா வைரஸ், மூளைக்குப் போய்விட்டது, அதன் எதிர்ப்புச் சக்தியே மூளையைக் கெடுக்கிறது" என்கிறார் டாக்டர். எதிர்ப்புச் சக்தி எப்படிக் கெடுக்கும்? குழந்தைகளுக்கு ஒட்டுமா? கருணைக்கொலை செய்துவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகாதீர்கள். 2019-க்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் உங்கள் உறவினர்கள் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன், இப்போது நிலைமை வேறு. எஃப்ஐபி என்பது ஃபெலைன் இன்ஃபெக்‌ஷியஸ் பெரிடோனைட்டிஸ் என்பதன் சுருக்கம், பூனைகளுக்கு மட்டும் வரும் நோய். குழந்தைகளைப் பற்றிய பயமும் வேண்டாம், இது பூனைகளின் கொரோனா வைரஸ், கோவிட் வைரஸ் கிடையாது, மனிதருக்கு ஒட்டாது.

இந்த வைரஸ் முதலில் பூனையின் குடலில்தான் இருக்கும். பல பூனைகள் ஒன்றாக வளரும் இடத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது வந்துபோகும், மிஞ்சிப்போனால் நாலு நாள் வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். ஆனால் ஒரு சில பூனைகளுக்குள் மட்டும் அது உருமாறி, மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுக்களுக்குள் புகுந்து பெருகக் கற்றுக்கொள்கிறது. கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய அணு அது. அதுவே கிருமியைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் உடம்பெல்லாம் சுற்றினால் என்ன ஆகும்? சிறு ரத்தக்குழாய்களின் சுவரில் போய் ஒட்டி, இன்னும் இன்னும் வெள்ளையணுக்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அவை வந்து குவியக் குவிய அந்த இடம் வீங்கிக் கெடும். டாக்டர் சொன்னது இதைத்தான்.

கிருமி புகுந்த அணுக்களைத் தேடிக் கொல்லும் வெள்ளையணுக்கள்தான் டி செல்கள். அவை பலமாக இருக்கும் பூனை, வைரஸ் புகுந்த அணுக்களை ஆரம்பத்திலேயே அழித்துவிடும், நோய் வந்ததே நமக்குத் தெரியாது. டி செல்கள் தளர்ந்து, கிருமியில் போய் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடி மட்டும் ஏராளமாகச் சுரந்தால்தான் ஆபத்து. ஆன்டிபாடி இந்த வைரஸை ஒழிப்பதில்லை, அது மேக்ரோஃபேஜுக்குள் நுழைய வழிகூட செய்து கொடுக்கிறது, ஒரு காலத்தில் சோதனைத் தடுப்பூசி போட்ட பூனைகள் போடாதவற்றைவிடச் சீக்கிரம் செத்ததற்குக் காரணம் இதுதான். இந்த நோயில் இரண்டு வகை. ரத்தக்குழாய் கசிந்து வயிற்றில் நீர் கோத்தால் ஈர வகை. எதிர்ப்பு அரைகுறையாக இருந்து சிறுநீரகம், கண், மூளை என்று அங்கங்கே கட்டிகட்டியாகத் தங்கினால் வறண்ட வகை, உங்கள் பூனைக்கு இருப்பது அதுதான். கண்ணும் மூளையும் பெரும்பாலும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

மூளையில் அழற்சி அதிகம் தெரிவது மூளையுறையிலும், மூளைக்குள் நீர் சுரந்து ஓடுகிற அறைகளின் சுவரிலும். சுவர் வீங்கினால் நீர் வடிய வழியில்லாமல் உள்ளேயே தேங்கி மூளையை அழுத்தும். தள்ளாட்டம், தலை ஒரு பக்கம் சாய்வது, கருவிழி தானாக ஆடுவது, வலிப்பு எல்லாம் இதனால்தான். ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் கொஞ்சம் அடங்கும், பூனை தெளிந்தமாதிரி இருக்கும், ஆனால் வைரஸ் அப்படியே இருக்கும்.

சரி, மருந்து? ஜிஎஸ்-441524. 2021-ல் ரெம்டெசிவிருக்காக ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றோமே, அந்த மருந்து உடம்புக்குள் போய் மாறுவது பெரும்பாலும் இதுவாகத்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டது, 26 பூனைகள் பன்னிரண்டு வார மருந்தையும் முடித்தன, அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. மூளை பாதித்த பூனைகளுக்குக் கூடுதல் அளவு தேவை என்பது அப்புறம் தெரிந்தது, ஏனென்றால் ரத்தத்தில் இருக்கும் மருந்தில் ஒரு சிறு பங்குதான் மூளைக்குள் நுழையும். அதனால் அளவை டாக்டரிடம் கேட்டே கொடுங்கள். வாராவாரம் எடை பாருங்கள், பூனை தேறி எடை ஏற ஏற மருந்தையும் ஏற்ற வேண்டும், இதை விட்டுவிட்டால் நோய் திரும்பி வர வாய்ப்பு உண்டு. சில நாளிலேயே காய்ச்சல் விட்டுச் சாப்பிட ஆரம்பிக்கும், அதை நம்பி நடுவில் நிறுத்தாதீர்கள். பிழைத்த பிறகும் சில பூனைகளுக்கு லேசான தள்ளாட்டம் தங்கிவிடும், அதோடு நன்றாகவே வாழும்.

இரண்டு விஷயம். ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து எஃப்ஐபி என்று முடிவுகட்டக் கூடாது, குடல் வைரஸ் வந்துபோன பூனைக்கும் அது பாசிட்டிவ் காட்டும். ரத்தத்தில் ஆல்புமின், குளோபுலின் என்ற இரண்டு புரதங்களின் விகிதம், கண் பரிசோதனை, முடிந்தால் ஸ்கேன், தண்டுவட நீர்ப் பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், தடுமாறுகிற பூனை என்றால் நம் ஊரில் ரேபிஸையும் யோசித்தே ஆக வேண்டும். அது யாரையாவது கடித்திருந்தாலோ பிறாண்டியிருந்தாலோ, பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே போய் அவருக்கு ரேபிஸ் ஊசி போடுங்கள்.

கேள்வி: எங்கள் பூனை ஒன்றுக்கு எஃப்ஐபி. வீட்டில் இன்னும் மூன்று பூனைகள். பிரித்து வைக்கவா? சைப்ரஸில் பூனைகள் கூட்டமாகச் செத்ததாகப் படித்தேன்.
— வாசகர், மதுரை

பதில்: உருமாறிய வைரஸ் சாதாரணமாக மலத்தில் வெளியேறிப் பரவுவதில்லை, குடல் வைரஸ்தான் பரவும், அது உங்கள் மற்ற பூனைகளுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். இப்போது பிரித்து அவற்றைக் கலவரப்படுத்தாதீர்கள், மன அழுத்தம் எதிர்ப்பைக் குறைக்கும். 2023-ல் சைப்ரஸில் வந்தது வேறு ரகம், நாய்க் கொரோனா வைரஸின் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டு பூனைக்குப் பூனை நேராகவே பரவியது, மூளை பாதிப்பும் அதில் அதிகம். மனிதர்களுக்கு வாங்கி வைத்திருந்த கோவிட் மாத்திரையைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்த அரசு ஆகஸ்டில் அனுமதித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது, பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்று ஐந்து மணல் தட்டு வைத்து, தினமும் மலத்தை அள்ளி, சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தூரத் தள்ளி வையுங்கள். சில மாதங்களுக்குப் புதுக் குட்டி எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.