மார்கழி காலைல முரண்டு பிடிக்கிற காரு

கேள்வி: அண்ணே, நாங்க சென்னைல இருக்கோம், டீசல் காரு காரைக்குடி வீட்லயே நிக்குது. பிள்ளையார் நோன்புக்கு வந்து காலைல சாவியத் திருகுனா இழுத்து இழுத்து சுத்துது, ஸ்டார்ட் ஆகல, வெயில் ஏறுனா ஒரே திருகுல ஆயிருது. குளிர்தான் காரணமா?
- காரைக்குடி வாசகி

பதில்: நம்மூரு குளிர் ஒரு குளிராம்மா, ஊட்டிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க! நல்ல பேட்டரிக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, ஆனா தளர்ந்த பேட்டரி குளிர்ல இன்னும் மந்தமாகும், என்ஜின் ஆயிலும் கொஞ்சம் கெட்டியாகும், ரெண்டும் சேந்து காலைல காட்டிக்குடுத்துரும். வண்டி சும்மா நின்னாலும் அலாரம், கடிகாரம்னு கரண்ட்ட உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும்.

மொதல்ல பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருக்கான்னு பாருங்க. இருந்தா மைனஸ மொதல்ல கழட்டி, அப்புறம் பிளஸ், ஆப்ப சோடா கலந்த வெந்நீர் தொட்டு பழைய பிரஷ்ல தேச்சு காய விட்டு, மாட்டும்போது பிளஸ்ஸ மொதல்ல மாட்டுங்க. ராத்திரி நின்ன வண்டில மீட்டர் வச்சா 12.6 வோல்ட் இருக்கணும், 12.2ன்னா பாதி சார்ஜ்தான். ஃபுல் சார்ஜ் போட்டும் ஸ்டார்ட் பண்றப்ப 9.6க்கு கீழ விழுந்தா புதுசு வாங்கிருங்க.

டீசல் வண்டிங்கிறதால சாவியப் போட்டதும் சுருள் மாதிரி ஒரு லைட் எரியும்ல, அது அணையிற வரைக்கும் பொறுத்து ஸ்டார்ட் பண்ணுங்க, பாதிப் பேரு இத செய்றதே இல்ல. அந்த லைட் எரியிறப்ப என்ஜினுக்குள்ள சூடேத்துறது குளோ பிளக், பேட்டரி நல்லாருந்தும் அடம் பிடிச்சா அத மெக்கானிக்கிட்ட காட்டுங்க.

ஊருக்குக் கிளம்புறப்ப மைனஸ் ஒயரக் கழட்டி வச்சிருங்க, இல்லன்னா வீட்டப் பாத்துக்கிறவர வாரம் ஒருக்கா குன்றக்குடி வரைக்கும் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க, நின்ன எடத்துலயே அஞ்சு நிமிஷம் உறும விட்டா சார்ஜ் ஏறாது.